உபினுக்குப் போகும் முன் கேபிளைப் பாருங்கள்

சாங்கி பாய்ண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பம்போட் கிளம்பும். பத்து, பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின். அடுக்குமாடி வீடுகள் இல்லை, பேருந்து இல்லை. இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள், இளநீர், கம்பத்து வீடுகள். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய குவாரிகளில் இப்போது பச்சை நீர் தேங்கி நிற்கிறது. சுமார் 10 சதுர கிலோமீட்டர் தீவுதான். ஆனால் ஒரு ஞாயிறு போதாது.

அங்கே குடும்பத்தோடு செய்ய இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் சிறு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிடுவார். நாம் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. தேடுவதுதான் சுவை.

இந்த விளையாட்டுக்கு வயது கால் நூற்றாண்டு. அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு காட்டோரம் வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். அதுதான் முதல் டப்பா.

இன்று பெரும்பாலோர் கைப்பேசிச் செயலியிலேயே தேடுகிறார்கள். நகரத்தில் அது போதும். உபினில் கதை வேறு. நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜொகூர். வடகரையில் நடக்கும்போது கைப்பேசி சில இடங்களில் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தரவு நின்றுவிட்டால் வரைபடமும் நின்றுவிடும். கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவிக்கு சிம் அட்டையும் வேண்டாம், தரவும் வேண்டாம். பல கருவிகளுக்கு சாதாரண ‘டபுள் ஏ’ பேட்டரி இரண்டு போதும்.

ஒரே நிபந்தனை, டப்பாக்களின் விவரங்களை முன்கூட்டியே கருவிக்குள் ஏற்றியிருக்க வேண்டும். உபினில் இறங்கியபின் மடிக்கணினிக்கு எங்கே போவது? அதனால் இந்தப் பயணம் படகுத்துறையில் தொடங்குவதில்லை. முதல் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது.

அண்ணன் மகன் தேசிய சேவையில் சேரும் முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அவன் புலாவ் தெக்கோங் போக வேண்டும். “தாத்தாவோட உபின் போகணும் சித்தப்பா, சின்ன வயசில போன மாதிரி” என்றான். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. வெயில் ஏறுவதற்குள் நடந்தால்தான் அவருக்குச் சரிவரும். மழை வந்தாலும் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

சனி இரவு தெம்பனிஸில் அப்பா வீட்டில் கூடினோம். என் பழைய கருவியை அண்ணன் மகன் மடிக்கணினியில் செருகினான். திரை ஒளிர்ந்தது, சார்ஜ் ஏறும் அடையாளமும் வந்தது. ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணினியை அணைத்துப் போட்டான். வேறு துளையில் செருகினான். அப்படியே இருந்தது.

“கருவி செத்துப்போச்சு போல” என்றான்.

கருவி நன்றாகத்தான் இருந்தது. குறை கேபிளில். யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பியும் தகவலுக்கு இரண்டு கம்பியும் உண்டு. மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பிகளே இருப்பதில்லை. சார்ஜ் மட்டும் செய்யும். விளக்கு எரிவதால் நாமும் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம்.

பழைய கருவிகளில் இருப்பது மினி யுஎஸ்பி துளை. இன்றைய கைப்பேசிக் கேபிள் அதில் நுழையாது. வீட்டில் இருந்த இரண்டு மினி கேபிள்களும் சார்ஜுக்கு மட்டும்தான். அப்போது அப்பா எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பழைய சாவிகள், ரேடியோ வயர்கள், எதற்கென்றே தெரியாத அடாப்டர்கள். அடியில் அவருடைய பழைய டிஜிட்டல் கேமராவின் கேபிள். படங்களைக் கணினிக்கு மாற்றத் தந்தது, ஆகவே தகவல் கம்பி உள்ளது. செருகியதும் கணினியில் கருவியின் பெயர் வந்தது. “இதையெல்லாம் குப்பையில போடச் சொன்னது யாரு?” என்றார் அப்பா. யாரும் வாய் திறக்கவில்லை.

கேபிள் சரியாக இருந்தும் கருவி தென்படவில்லை என்றால் வேறு சில இடங்களைப் பாருங்கள். நடுவில் ‘ஹப்’ இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். சில கருவிகள் செருகியதும், சேமிப்பகமாகத் திறக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்றால் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். புதிய கருவிகள் சில, பென் டிரைவ் போலத் தனி எழுத்துடன் வராமல், கைப்பேசி போலக் கணினியில் தோன்றும். விண்டோஸ் அவற்றைத் தானே காட்டும். மேக் கணினிக்குத் தனி மென்பொருள் தேவைப்படும்.

அடுத்தது கோப்பு. டப்பாவின் குறிப்பு, துப்பு, பிறர் எழுதிய கருத்து எல்லாம் ‘ஜிபிஎக்ஸ்’ கோப்பில் வரும். ‘லாக்’ என்ற கோப்பில் பெயரும் இடமும் தவிர அதிகம் இருக்காது. சந்தா கட்டியவர்கள் ஒரே கோப்பில் ஆயிரம் டப்பாக்கள் வரை தரவிறக்கலாம். அது ‘ஸிப்’ பொட்டலமாக வந்தால் பிரித்துவிட்டு உள்ளிருப்பதை ஏற்றுங்கள். பொட்டலத்தை அப்படியே போட்டால் கருவி படிக்காது. கார்மின் கருவிகளில் ‘கார்மின்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஜிபிஎக்ஸ்’ கோப்புறைதான் அதற்கு இடம். வெளியே போட்டால் ஏற்றியும் பயனில்லை.

ஏற்றி முடித்ததும் கேபிளைச் சட்டென்று பிடுங்காதீர்கள். கணினியில் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே எடுங்கள். பாதியில் அறுந்த கோப்பால் கருவி தொடங்கும்போதே உறைந்துபோவதும் உண்டு. கருவியில் மைக்ரோ எஸ்டி அட்டை போட வசதியிருந்தால் கோப்புகளை அட்டையில் வையுங்கள். சிக்கல் வந்தால் அட்டையைக் கழற்றிவிட்டுக் கருவியைத் தொடங்கலாம்.

கையால் எண்களைத் தட்டுபவர்கள் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஜியோகேச்சிங்கில் பாகை, பிறகு தசமத்தில் கலை. உபின் ஏறத்தாழ வடக்கு 1 பாகை 24.6 கலை, கிழக்கு 103 பாகை 57.7 கலையில் இருக்கிறது. இதையே 1.246, 103.577 என்று பாகையாகத் தட்டினால் டப்பா துவாஸ் பக்கத்துக் கடலில், 40 கிலோமீட்டருக்கு அப்பால் போய் நிற்கும். அதோடு, கருவியின் அமைப்பில் ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வட்டாரத்தின் பழைய வரைபடங்களுக்கு உரிய ‘கெர்த்தாவ்’ அமைப்பில் இருந்தால் இடம் கிட்டத்தட்ட 200 மீட்டர் தள்ளிப்போகும்.

கடைசிச் சோதனை கணினியில் அல்ல, கருவியில். கேபிளைக் கழற்றி, கருவியைப் போட்டு, பட்டியலில் டப்பாக்கள் வருகின்றனவா, ஒன்றைத் திறந்தால் துப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அன்று இரவு பதினொன்றரைக்கு அண்ணன் மகன் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டினான். அதன் பிறகுதான் அண்ணி விளக்கை அணைத்தார்.

பல மாதம் தூங்கிய கருவி துணைக்கோள்களைப் பிடிக்க நேரம் எடுக்கும். காலையில் படகுத்துறையில் ஆள் சேரக் காத்திருந்தபோது அதைத் திறந்தவெளியில் வைத்துவிட்டோம். தீவில் இறங்கும்போது அம்புக்குறி தயார்.

முதல் டப்பாவை அப்பாதான் கண்டுபிடித்தார். எங்கே என்று சொன்னால் அடுத்தவருக்குச் சுவை போய்விடும். மரநிழலில் அம்புக்குறி ஐந்து, பத்து மீட்டர் அலைபாயும். அண்ணன் மகன் திரையையே பார்த்துக்கொண்டு வட்டமடித்தான். அப்பா திரையைப் பார்க்கவில்லை. “இந்தக் கல்லு மட்டும் ஏன் சுத்தமா இருக்கு?” என்று கேட்டுக் குனிந்தார். கடைசி சில மீட்டருக்குக் கண்தான் கருவி. தாளில் தாத்தா, பேரன் இருவர் பெயரும் ஒரே வரியில் ஏறின.

மத்தியானத்துக்குள் செக் ஜாவா போய்ச் சேர்ந்தோம். 2001இல் மண் நிரப்பி மூடவிருந்த கரை இது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டதால் இன்றும் நண்டும் கடற்புல்லும் இருக்கின்றன. பலகைப் பாதையிலிருந்து கிழக்கே பார்த்தால் புலாவ் தெக்கோங். அண்ணன் மகன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாங்கள் நின்ற இடத்தைக் கருவியில் குறித்து, ‘தாத்தா’ என்று பெயரிட்டான்.

கருவி இப்போது அப்பாவிடம் இருக்கிறது. அதன் கழுத்துக் கயிற்றில் அந்தக் கேமரா கேபிளைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார். பேரனுக்கு விடுப்பு கிடைக்கும் வாரத்தில் மறுபடி உபின் போவதாகத் திட்டம். நீங்களும் போவதாக இருந்தால், சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு முழுக்கத் தீவுக்கே கிடைக்கும்.