நூலக மேசைக்கு ஒரு திரை

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் வாசகசாலையில் சில ஆயிரம் புத்தகங்கள் உண்டு. நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள், பழைய தீபாவளி மலர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடுகள். நூலகர் அக்கா ஒருவர்தான் புத்தகம் கொடுப்பார், வாங்குவார், சந்தா எழுதுவார், அலமாரிகளைத் துடைப்பதையும் பார்த்துக்கொள்வார். இருப்பது ஒரே கணினி. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, உபுண்டு போட்டது. அந்த மேசைக்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டார்கள். எந்தக் கருவியைக் கொண்டு அதைச் செய்வது என்று தீர்மானிப்பதே வேலையில் பாதிக்கு மேல் இருந்தது.

கோஹா இருக்கிறதே என்று நண்பர்கள் சொன்னார்கள். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. மிக நல்ல மென்பொருள். ஆனால் அதற்கு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். எங்களுக்கு வேண்டியது மூன்று பட்டியல்கள்: நூல், உறுப்பினர், இரவல்.

இந்த மேசையில் முன்பும் ஒரு மென்பொருள் இருந்தது. விஷுவல் பேசிக் 6-இல் யாரோ அக்கறையோடு எழுதிக் கொடுத்திருந்தார். 1998-இல் வந்த அந்தக் கருவியில் படிவம் வரைவதும் பட்டன் வைப்பதும் அவ்வளவு எளிது. ஊர் ஊருக்கு அதில்தான் பில் போட்டார்கள், சம்பளம் கணக்கிட்டார்கள். ஆனால் அதன் எழுத்துப் பெட்டிகளுக்கு யூனிகோடு தெரியாது. அதனால் தமிழ்ப் பெயர்களெல்லாம் பழைய எழுத்துரு ஒன்றின் குறியாக்கத்தில், மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் தரவுத்தளத்தின் எம்.டி.பி கோப்பு ஒன்றில் கிடந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புதுமைப்பித்தனும் வரமாட்டார், கல்கியும் வரமாட்டார். ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் குவிந்து கிடக்கும். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அன்று கையில் இருந்தது அதுதான். எம்.டி.பி டூல்ஸ் என்ற கட்டற்ற கருவி அந்தக் கோப்பைத் திறந்து தந்தது. பிறகு எழுத்துரு மாற்றியைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம்.

பழைய திரை போய்விட்டது. அதை யாரும் தேடவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை, பல வருஷம் ஒருவர் உட்கார்ந்து தட்டிய ஒவ்வொரு வரியையும், நாங்கள் பாடுபட்டு மீட்டோம். திரையின் ஆயுள் வேறு, தரவின் ஆயுள் வேறு. ஆகவே திரையை எதில் கட்டுவது என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு, தரவு எதில் உட்காரும் என்பதை முதலில் முடிவு செய்தேன்.

அதில் எனக்குத் தயக்கமே இல்லை: எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டது. யாருக்கும் உரிமை கட்டவேண்டாத பொதுச்சொத்தாகவே அதை விட்டுவிட்டார். சர்வர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. கோப்பின் உள்ளமைப்பு வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதாக அதன் குழு சொல்லியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளை நீண்டகாலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. ஒரு நூலகத்துக்கு இன்னொரு நூலகத்தின் சான்று என்று அதை எடுத்துக்கொண்டேன்.

விதிகளையும் முடிந்தவரை அந்தக் கோப்புக்குள்ளேயே வைத்தேன். ஒரே அக்செஷன் நம்பர், அதாவது புத்தகத்தின் பதிவெண், இரண்டு புத்தகத்துக்கு வரக்கூடாது. இல்லாத உறுப்பினர் பெயரில் இரவல் பதியக்கூடாது. திரும்பி வராத புத்தகத்தை மறுபடி கொடுக்கக்கூடாது. இவற்றைத் திரையின் நிரலில் எழுதினால் திரையோடு சேர்ந்து அவையும் போய்விடும். எஸ்கியூலைட்டில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பைச் சரிபார்க்கும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அதை இயக்கச் சொல்ல வேண்டும்.

திரை எழுதுவதற்கு முன் சில வாரம் அக்காவை டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியிலேயே நேராக உள்ளிடச் சொன்னேன். அட்டவணைகளை அப்படியே திறந்து காட்டும் கருவி அது. இந்த யோசனையை இந்த வேலையில் இறங்கும் எல்லோருக்கும் சொல்வேன். என்ன திரை வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கைவேலையாகச் செய்து பார்க்கும்போது எங்கே இடறுகிறது என்று தானாகத் தெரியும். அக்காவுக்கு இடறிய இடம் ஒன்றே. "தம்பி, ஆறு மணிக்கு மேல வரிசையா வந்து நிப்பாங்க. மௌஸைத் தேடிப் பிடிச்சு, பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு எழுதுறதுக்குள்ள நாலு பேரு திரும்பிப் போயிடுறாங்க" என்றார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது. அக்கா சொன்னதும் அதையேதான். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் எண்ணைத் தட்டி, என்டர் தட்டி, இரவல் முடிய வேண்டும். இனி எந்தக் கருவியையும் இந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆக்செஸ் விண்டோஸில் மட்டும் ஓடும்; அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. லிப்ரே ஆஃபிஸ் பேஸ் கணினியிலேயே இருந்தது. ஆனால் அதன் வழக்கமான உள்தரவுத்தளத்துக்கு ஜாவா வேண்டும். தரவும் படிவமும் ஒரே கோப்புக்குள் அடைபடும். நான் பிரித்து வைக்க நினைத்ததை அது ஒட்ட வைக்கிறது. வலைப்பக்கம் போலவே மேசை மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரான், ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்து வரும். நாலு ஜிபி நினைவகத்தில் ஓடும் கிழட்டுக் கணினியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

லாசரஸ் என்னை மிகவும் இழுத்தது. 1995-இல் போர்லாண்ட் கொண்டுவந்த டெல்ஃபியின் வழியில், ஃப்ரீ பாஸ்கல் மொழியை வைத்துக் கட்டிய கட்டற்ற கருவி அது. தரவுக் கட்டம், நகர்த்தும் பட்டன்கள் எல்லாவற்றையும் படிவத்தில் இழுத்துப் போட்டாலே பாதி மென்பொருள் எழுந்துவிடும். தொகுத்த பிறகு ஒரே இயங்கு கோப்பு, சட்டென்று திறக்கும். தரவுத்தளத்துக்கு மேசைத் திரை கட்டுவதில் இதைவிடப் பக்குவமான கருவி இலவசமாகக் கிடைப்பது அரிது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எனக்குப் பிறகு இதைத் திறந்து பார்க்கப்போவது யார்? எங்கள் ஊரில் பாஸ்கல் படித்த பிள்ளை எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலோ பைதான் இருக்கிறது. பைதானிலிருந்து எஸ்கியூலைட்டைக் கையாளும் பாடமும் இருக்கிறது. வாசகசாலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள். கருவியின் தரத்தைவிட இந்தச் செய்தி எனக்குக் கனமாகப் பட்டது.

பைதான் என்று ஆனபின் கையெட்டும் தூரத்தில் டிகிண்டர் என்ற திரைக் கருவி இருந்தது. அதன் அடியில் இருக்கும் டிகே, ஜான் ஆஸ்டர்ஹவுட் தன்னுடைய டிக்ள் மொழிக்காக உருவாக்கியது. எஸ்கியூலைட்டும் டிக்ளுக்கு ஒரு நீட்சியாகத்தான் பிறந்தது. அந்த உறவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் லினக்ஸில் நான் ஓட்டிப் பார்த்த டிகே தமிழைக் கோத்து எழுதவில்லை. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 'கொடி' என்ற சொல் சிதறிக் கிடந்தது. ஆங்கிலத்துக்கு எழுதப்படும் கருவி ஒப்பீடுகளில் இந்தச் சோதனை இருக்காது. தமிழுக்குக் கருவி தேடுகிறவர் முதல் நாளே ஒரு பெட்டியில் 'கொடுமுடி', 'ஸ்ரீ', 'வௌவால்' என்று தட்டிப் பார்த்துவிட வேண்டும். தட்டும்போது மட்டுமல்ல, நடுவில் கர்சரை வைத்து அழிக்கும்போதும்.

அந்தச் சோதனையில் தேறியது க்யூட்டி. நார்வேயில் ட்ரோல்டெக் 1995-இல் வெளியிட்டது. எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. தமிழ்99 விசைப்பலகையும் அதில் சிக்கலில்லாமல் வேலை செய்தது. பைதானிலிருந்து அதைப் பயன்படுத்த இரண்டு வழி. பைக்யூட்டி பழையது, அதன் உரிமம் ஜிபிஎல், இல்லையென்றால் காசு. பைசைடு, நோக்கியா 2009-இல் தொடங்கி வைத்தது, எல்ஜிபிஎல். நாளை வேறு யாராவது எந்த முறையில் எடுத்து வளர்த்தாலும் இடைஞ்சல் வேண்டாம் என்று பைசைடை எடுத்தேன். அட்டவணையை நேரே திரைக்கு இணைக்கும் மாதிரியும் பார்வையும் அதில் தயாராக இருக்கின்றன. சில வரிகளில் நூல் பட்டியல் திரைக்கு வந்துவிட்டது.

வந்த பட்டியலின் வரிசைதான் சரியாக இல்லை. கணேசனுக்குப் பிறகு கண்ணதாசன் நின்றார். தனுஷ்கோடி ராமசாமி முன்னால் நிற்க, தமிழ்ஒளி பின்னால் போயிருந்தார். யூனிகோடு தமிழ் எழுத்துகளை அகராதி வரிசையில் அடுக்கவில்லை. னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்துக்கு அடுத்து. வகரத்துக்கு முன்னாலேயே ளகரமும் ழகரமும். புள்ளியின் யூனிகோடு எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருவதால், அகராதியில் முதலில் வரவேண்டிய மெய் கடைசிக்குப் போகிறது. எஸ்கியூலைட் தன்னியல்பில் இந்த எண்களைத்தான் ஒப்பிடும். அலமாரியில் அகராதி வரிசையில் அடுக்கிய நூலகத்தில் திரை வேறு வரிசை காட்டினால், அக்கா திரையை நம்ப மாட்டார். நம்பக்கூடாது.

பைதானில் எஸ்கியூலைட்டுக்கு நமக்கு வேண்டிய ஒப்பீட்டு முறையைச் சொல்லிக் கொடுக்க வழி உண்டு. ஆனால் அது அந்த நிரல் ஓடும்போது மட்டுமே செல்லும். க்யூட்டி தனக்கென்று தனி இணைப்பு வைத்துக்கொள்வதால் அதற்கும் அது தெரியாது. அதனால் நூல் அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன். ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, உயிர், ஆய்தம், மெய்யெழுத்து பதினெட்டு, கடைசியில் கிரந்தம் என்று இட எண் கொடுத்து, அந்த எண்களின் கோவையை அதில் சேமிப்பது. அதை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். டிபி பிரவுசரில் திறந்தாலும், வேறெந்த மொழியில் நாளை திரை எழுதினாலும், கண்ணதாசன் கணேசனுக்கு முன்னால்தான் நிற்பார்.

தேடலிலும் இதே கதை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயர்களில் 'கொ' என்பது கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருந்தது. புதிதாகத் தட்டியதில் ஒரே குறியாக இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இதைச் சரிசெய்யப் பைதானிலேயே ஒரு செயற்கூறு உண்டு. கோப்புக்குள் போகும் எல்லா எழுத்தையும் அதன் வழியாக அனுப்ப வேண்டும். ஆனால் ஔவையாரை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுகிறவர்களை அது காப்பாற்றாது. அதற்கு நாமே விதி எழுத வேண்டும்.

எழுத்தாளர் பெயரில்தான் தமிழ் நூலகத்துக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கி. ராஜநாராயணனை வாசகர் கி.ரா. என்றுதான் கேட்பார். லா. ச. ராமாமிருதம் லா.ச.ரா.; தி. ஜானகிராமன் தி.ஜா. முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பார் ஒருவர், இடைவெளி விடுவார் இன்னொருவர். சுஜாதா என்று ஒரு நூலிலும் எஸ். ரங்கராஜன் என்று பதிவேட்டிலும் இருக்கும். இதற்கு எந்தக் கருவியும் விடை வைத்திருக்கவில்லை. ஓர் எழுத்தாளருக்குப் பல பெயர் என்று தனி அட்டவணை போட்டு, புள்ளியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டுத் தேட வைத்தேன். அந்த அட்டவணையை அக்காவே நிரப்புகிறார். வாசகர் எந்தப் பெயரில் கேட்டாரோ அந்தப் பெயர் அதில் ஏறிவிடுகிறது. இப்போதைய திரையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

இரவல் திரையில் இரண்டே பெட்டிகள். உறுப்பினர் எண், என்டர். அக்செஷன் நம்பர், என்டர். பார்கோடு ஸ்கேனர் வாங்கினாலும் இதை மாற்ற வேண்டியதில்லை. ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு விசைப்பலகைதான். மாலையில் மூடும்போது கோப்பின் நகல் ஒன்று பென்டிரைவுக்குப் போகிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுப்பதற்கும் எஸ்கியூலைட்டில் முறையான கட்டளை உண்டு; கோப்பை வெறுமனே நகலெடுப்பதைவிட அதுவே பாதுகாப்பு.

க்யூட்டியின் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது இந்தத் திரையில் சில இடங்கள் வேலை செய்யாமல் போகலாம். பைசைடுக்குப் பதில் வேறொன்று வரலாம். எந்த அட்டவணை எதற்கு, எந்த விதி ஏன் என்பதையெல்லாம் தமிழில் ஒரு குறிப்பாக எழுதி அதே கோப்பில் ஓர் அட்டவணையாகவே வைத்திருக்கிறேன். சந்தா பாக்கி காட்டும் பகுதி இன்னும் எழுதவில்லை. அதை பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.