ஃபியூஸ் மாற்றிய பில்கள்

"வெளியில் ரிவர்ஸ் கேமரா மாட்டியிருக்கிறார். வயரிங்கில் கை வைத்தது அவர்தான்." எதிர்தரப்புச் சர்வீஸ் சென்டரின் பதிலுரை முழுக்க இதுதான்.

நான் வழக்கறிஞராக வாதாடிய மனுதாரர் மதுரையில் சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டிப் பிழைப்பவர். டெயில் லேம்ப் ஃபியூஸ் அடிக்கடி போய்விடும். "ராத்திரி ராமநாதபுரம் ரோட்டுல பின்னாடி லைட்டு இல்லாம நின்னா, வர்ற லாரிக்கு எப்படி சார் தெரியும்?" என்று அவர் கேட்டபோது அடிவயிறு கலங்கியது.

ஜாப் கார்டுகள் எல்லாவற்றிலும் ஒரே வரி: ஃபியூஸ் மாற்றப்பட்டது. கடைசி பில்லில் மட்டும் 10 ஆம்பியர் சிவப்புக்குப் பதிலாக 20 ஆம்பியர் மஞ்சள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஃபியூஸ் உருகுவதே வயரைக் காப்பாற்றத்தான். காரணத்தைத் தேடாமல் பெரிய ஃபியூஸைச் செருகினால் வயர் சூடேறிப் பற்றிக்கொள்ளும். உள்ளே பயணிகள் இருப்பார்கள்.

டாக்ஸி என்பதால் வணிக நோக்கம், அவர் நுகர்வோரே அல்ல என்றும் வாதிட்டார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு தருவதால் அது எடுபடவில்லை.

கேமராதான் காரணமா என்பதை வாய்வாதத்தால் தீர்க்க முடியாது. நிபுணர் கேட்டு மனு போட்டேன். நுகர்வோர் ஆணையம் ஒரு பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியரை நியமித்தது.

இரு தரப்பும் சுற்றி நிற்க, அவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடுத்தார். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்டை அது மட்டுப்படுத்துவதால் வயருக்கும் ஆபத்தில்லை. பார்க்கிங் லைட்டைப் போட்டதும் பளீரென எரிந்தது. முதலில் கேமரா இணைப்பைக் கழற்றினார். பல்பு அப்படியே எரிந்தது. டிக்கியைத் திறந்தார், மங்கியது. மூடினார், மறுபடி பளீர். கீலருகே ரப்பர் உறையை உருவிப் பார்த்தால், நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயரின் மேல்தோல் தேய்ந்து, செம்பு பாடியில் உரசிக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பைக் காணோம். முன்பு டிக்கிக் கதவைக் கழற்றி மாட்டியது அதே சர்வீஸ் சென்டர். அந்த ஜாப் கார்டும் எங்கள் வழக்குக் கட்டில் இருந்தது.

சேவைக் குறைபாடு என்று உத்தரவானது. வாங்கிய பணம் திரும்பியது, வண்டி ஓடாத நாட்களுக்கு இழப்பீடும் கிடைத்தது. 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டதைக் கண்டித்து உத்தரவில் தனியாக ஒரு பத்தி இருந்தது. நான் அதிகம் வற்புறுத்தி வாதிட்டது அந்தப் பத்திக்காகத்தான்.