கை வைக்காத வேலை

சிங்கப்பூர், உட்லண்ட்ஸில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. கூடத்தில் தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டடித் தொட்டி. அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் பணி ஓய்வுபெற்ற மெக்கானிக். மனைவி தேநீர் வைத்துவிட்டுப் போனதைக் கவனிக்கவில்லை. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். கோடு 1.025இல் நிற்கிறது. நோட்டில் எழுதுகிறார். அதே பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை அதே எண்தான்.

கண்ணாடியில் ஒட்டிய டேப்புக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது தண்ணீர். சில்லர் வாங்காமல், மேலே சின்ன மின்விசிறியை ஓடவிட்டே 27 டிகிரியில் பிடித்து வைத்திருக்கிறார். ஆவியாகும்போது சூடு போகும், தண்ணீர் போகும், உப்பு போகாது. அந்தக் குறைவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றித் தொட்டியைக் கரிக்கவைப்பவர்கள் உண்டு. இவர் ஊற்றுவது வெறும் ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால் அந்தப் பக்கமே போவதில்லை.

நீல விளக்கு எரிகிறது. இடது மூலையில் ஸீனியா என்ற மென்பவளம் கண்விழிக்கிறது. வெளுத்த தண்டின் உச்சியில் கொத்துக் கொத்தாகப் பாலிப்கள். ஒவ்வொன்றுக்கும் இறகு போன்ற எட்டுக் கைகள். விரிகின்றன, குவிகின்றன, மறுபடி விரிகின்றன. ஒன்று விரியும்போது பக்கத்தில் இருப்பது குவிகிறது. தாளம் சேர்வதே இல்லை. இதன் செங்கடல் உறவினம் ஒன்றை ஆராய்ந்து இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013இல் காரணம் சொன்னார்கள்: பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிவிடும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும், இந்தக் கையசைப்பு அதைத் தள்ளிவிடுகிறது. பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி சமைப்பதுதான்.

நடுவில் லெதர் கோரல் சுருங்கிக் கிடக்கிறது. மேலே மெழுகு பூசினாற்போல ஒரு படலம். பாலிப் ஒன்றுகூட வெளியே இல்லை. பேரன் வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்துகிறான்.

"தாத்தா, செத்துப்போச்சா?"

"தோலு உரிக்குதுப்பா. விடு."

பம்பின் வாயை மட்டும் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்புகிறார். நீரோட்டம் பட்டு ஓரத்தில் படலம் கிழிந்து ஆடுகிறது. கிழிந்த இடத்தில் புதுத் தோல் பளிச்சென்று தெரிகிறது. இந்த நேரத்தில் பயந்துபோய் இடம் மாற்றி, மருந்தில் முக்கி, பாதித் தண்ணீரை மாற்றித்தான் பலர் நல்ல பவளத்தைச் சாகடிக்கிறார்கள்.

இவர் மாற்றுவது வாரத்துக்குப் பத்து சதவீதம். நைட்ரேட் சோதனையில் ஐந்து, பத்து காட்டினால் கவலைப்படுவதில்லை. பூஜ்யம் வந்தால்தான் முகம் சுருங்குகிறது; பளிங்குபோல் சுத்தமான தண்ணீரில் மென்பவளம் பட்டினி கிடக்கும். மென்பவளங்கள் ஒன்றையொன்று அண்டவிடாமல் தண்ணீரில் கசியவிடும் ரசாயனங்களுக்கு மட்டும் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன்.

ஸோவாந்திட் பதித்த கல்லை நகர்த்த வேண்டியிருக்கிறது. பேரனை அறைக்கு அனுப்புகிறார். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பச்சையும் ஆரஞ்சுமாகப் பூத்திருக்கும் இந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது; 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைத்து, அந்த ஆவியில் மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு. கல் நகர்ந்தது, பாலிப்கள் எல்லாம் பொத்தான்களாக மூடிக்கொண்டன. கையுறையைக் கழற்றிவிட்டு இப்போதுதான் ஆறிய தேநீரை எடுக்கிறார்.

தொட்டியில் கடலிலிருந்து பெயர்த்த துண்டு ஒன்றும் இல்லை. எல்லாம் வேறு தொட்டிகளில் வெட்டி வளர்த்தவை. தமிழ்நாட்டில் ராமேஸ்வரம், மண்டபம் போகிறவர்களும் கரையில் கிடக்கும் பவளத்துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். கல் பவளமும் கடல் விசிறியும் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.