உப்புக் காற்றில் ஒரு டர்போ!

பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பீச்சுக்குப் போகிற கூட்டத்தோடு சேராமல் வடக்கே நடந்து பாருங்கள். சுண்டல் வாசனை குறைந்து கருவாட்டு வாசனை வரும். அதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். அடையாறு தியசாபிகல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கக் கர்னல் ஒல்காட்டின் பெயர், கட்டுமரத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதையும் தாண்டினால் ஆறு கடலில் சேருகிற இடம். 1977-ல் உடைந்த பாலம் பாதியில் நிற்கும்.

காதலிக்கிறவர்களும் சினிமாக்காரர்களும் அங்கே போவார்கள். நான் போனது கார் வாங்க!

குப்பத்தை ஒட்டிய ஃப்ளாட் ஒன்றில் இரண்டு வருஷமாகக் கவர் போட்டு மூடியிருந்தது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரை சக்தி. அந்த நாளில் நம்மூர் பெட்ரோல் காரில் டர்போ என்பதே அபூர்வம். காலேஜில் படிக்கும்போது போஸ்டராக ஒட்டி வைத்த வண்டி சார்!

என் ஏழு வருஷ சேமிப்பு ஐந்து லட்சம். மூன்றே முக்கால் வண்டிக்கு. மீதி ஒன்றே காலில் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி, பெரிய எக்ஸாஸ்ட் மாட்டி, 200 குதிரையாக்குவது என்று திட்டம்.

டர்போ பற்றிக் கரைத்துக் குடித்திருந்தேன். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அதற்கு உயிர் ஆயில்தான். ஆயில் மாற்றாமல் ஓட்டினாலோ, விரட்டி வந்து சட்டென்று ஆஃப் பண்ணினாலோ ஆயுசு குறையும். நீலப் புகை வந்தால் வாங்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் ஆட்டினால் தடதடவென்று ஆடக் கூடாது.

எல்லாம் பார்த்தேன். எல்லாம் பாஸ்! அட்வான்ஸ் கொடுக்கப் பாக்கெட்டில் கை விட்டபோது, தெருவோரம் போட் இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"தம்பி, அடியைப் பாத்தியா?"

"இன்ஜின் சூப்பரா இருக்குண்ணே."

"இருக்கட்டும்பா. நாங்க செகண்ட்ல போட் வாங்கினா மொதல்ல இன்ஜினைத் தொட மாட்டோம். கவுத்துப் போட்டு அடியைத் தட்டிப் பாப்போம். இன்ஜின் போனா வேற மாட்டிக்கலாம். அடி போனா நடுக்கடல்ல எதுல நிப்பே?"

டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் அவரே கொடுத்தார். மல்லாக்கப் படுத்து ரன்னிங் போர்டைக் குத்தினேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது! பிரேக் பைப் முழுக்கத் துரு.

"கவர் போட்டுத்தானே சார் வெச்சிருந்தேன்!" என்றார் ஓனர் பாவமாக.

கவர்தான் வில்லன். கடல் காற்றின் உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டம் இல்லாத கவர் அந்த ஈரத்தைக் காய விடாது. 

அப்படியே கடல் மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிங்கரிங், பிரேக், டைமிங் பெல்ட், டயர்... ஒன்றே கால் லட்சமும் வண்டியைப் பழைய 150 குதிரைக்குக் கொண்டுவரவே பத்தாது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க எஃப்.சி. வேறு காட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. இந்த பிரேக்கோடு 200 குதிரையைக் கிளப்பியிருந்தால்... எதிரே உடைந்த பாலம் தெரிந்தது. பாதி வரை பிரமாதமாகத்தான் போகும்!

ஆசை விடவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால், இப்போது டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் கையோடு போகின்றன. பட்ஜெட்டில் பாதிதான் வண்டிக்கு. மீதி அதை நேராக்க. குதிரைகளெல்லாம் அப்புறம்!

நான் குடியிருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பட்டினப்பாக்கத்தில். அதே கடல், அதே காற்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் ஸ்கூட்டரைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஒரு வாரமாக ஆபீஸுக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன்!