ஆண்டு வாடகை ஒரு குல்டன்

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ஆக்ஸ்பூர்க் நகருக்குச் செல்லும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. பேராலயத்தைத் தரிசித்தபின், உடன் வந்த குருவானவர் ஒரு சிறிய மதில்வாயிலின் முன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே மஞ்சள் வண்ணச் சுவர்களும் பச்சைச் சன்னல் கதவுகளும் கொண்ட வீடுகள் வரிசையாய் நின்றன. 67 வீடுகள், அவற்றில் 140 குடியிருப்புகள். ஃபுக்கராய் என்பது இதன் பெயர். வறுமையுற்ற கத்தோலிக்கர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர் இங்கு வாழ்கின்றனர்.

இவர்கள் செலுத்தும் வாடகை யாது தெரியுமோ? ஆண்டுக்கு ஒரு ரைன் குல்டன். இன்றைய நாணயத்தில் 88 சென்ட். நமது கணக்கில் நூறு ரூபாய்கூட இல்லை! விளக்குக்கும் குளிர்காயவும் ஆகும் செலவு மட்டும் தனி. இதற்கு மேல் மற்றொரு கடனும் உண்டு. பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஸ்தாபகருக்காகவும் அவர் குடும்பத்தாருக்காகவும் வேண்டிக்கொள்ளவேண்டும். 1521-ஆம் ஆண்டின் சாசனம் விதித்த ஏற்பாடு இது.

சாசனத்தை எழுதிவைத்தவர் யாக்கோபு ஃபுக்கர். திரோல் மலைகளின் வெள்ளியும் ஹங்கேரியின் செம்பும் அவர் கையிலிருந்தன. 1505-இல் மிளகு தேடி நமது மேற்குக் கடற்கரைக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களிலும் அவர் குடும்பத்தின் முதலீடு இருந்தது. பேரரசர்களுக்கே கடன் கொடுத்த செல்வர்!

வாயிலின்மேல் இலத்தீன் மொழியில் ஒரு கல்வெட்டு. தாங்கள் பெற்ற செல்வமெல்லாம் இறைவன் அளித்ததே என்று ஃபுக்கர் சகோதரர்கள் அதில் அறிக்கையிடுகின்றனர். ஆண்டு 1519. அதே 1519-இல்தான் ஐந்தாம் சார்லஸைப் பேரரசராக்குவதற்காகத் தேர்வாளர்களான சிற்றரசர்களுக்கு வழங்கப்பட்ட பெருந்தொகையில், ஐந்து இலட்சம் குல்டன்களுக்கு மேல் யாக்கோபின் பெட்டியிலிருந்து சென்றது. ஒரே ஆண்டில், ஒரே கையால் இவ்விரு செயல்கள்!

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. மாயின்ஸ் பேராயர் தம் பதவிக்காக இவரிடம் கடன் பட்டார். அதைத் தீர்க்க ஞானப்பலன் காணிக்கையில் பாதி ஒதுக்கப்பட்டது. காணிக்கைப் பெட்டியின் அருகே ஃபுக்கரின் கணக்கர் நின்றனர். திருச்சபை பிளவுபட நேர்ந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. படிக்கவே மனம் கூசுகிறது.

ஒட்டகத்தையும் ஊசியின் காதையும் பற்றிய ஆண்டவரின் சொல் அவர் காதிலும் விழுந்திருக்கும் அன்றோ? அர்ச். உல்ரிக் அந்நகரின் பாதுகாவலர். அவர் பெயரில் ஃபுக்கர் நிறுவனப் பேரேட்டில் தருமக் கணக்கு ஒன்றே இருந்ததாம். அர்ச்சியசிஷ்டவரையும் வரவு செலவில் சேர்த்துக்கொண்ட அந்த வணிக மனம் எனக்கு முதலில் நகைப்பையே தந்தது. பயந்த மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் இறைவனிடம் பேசியிருக்கலாம் என்று பிறகு தோன்றிற்று.

பேரரசர்களின் பத்திரங்கள் செல்லாக்காசாயின; இவ்வீடுகள் நிற்கின்றன. 1944 பெப்ருவரியில் குண்டுவீச்சினால் பெரும்பகுதி இடிந்தும், சில நாட்களுக்குள்ளேயே குடும்பத்தார் மீண்டும் கட்ட முடிவு செய்தனர். இன்றும் பெரும்பாலும் அறக்கட்டளையின் காடுகள் தரும் வருமானத்தால் நடைபெறுகிறது. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தாவான கொத்தனாரும் வறுமையுற்று இங்கு வந்து வாழ்ந்தவரே.

வாசற்படியில் பூச்செடிக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் குருவானவர் வாயிலாக வினவினேன்:

"அம்மா, நாள் தவறாமல் அந்தச் செல்வருக்காகச் செபிக்கிறீர்களா?"

அவர் சிரித்தார். "செபிக்கிறேன். சில நாள் அவருடைய நினைவு வருவதில்லை. செபம் மட்டும் வரும். அவருக்குத் தேவை அதிகம் என்கிறார்கள். அதனால் சில நாள் இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன்."

இரவு பத்து மணிக்கு வாயிலைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வருவோர் காவலருக்குச் சில்லறை கொடுத்தே உட்புகவேண்டும். நாங்கள் வெளியே வந்தபோது அர்ச். மாற்கு சிற்றாலயத்தில் முதியவர் ஒருவர் முழந்தாட்படியிட்டிருந்தார்.