ஒரு பாட்டு காட்டிய ஊர்

‘அவலான்’னு ஒரு குட்டி ஊர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துல இருக்கு. சாதாரண மேப்ல தேடினா சிக்காது பாஸ்! 1928-ல் ஜான் ஹர்ட் ரெக்கார்ட் பண்ணின பாட்டுகள் விலைபோகலை. மனுஷன் அலட்டிக்காம வயக்காட்டு வேலைக்கே திரும்பிட்டார். ஆனா, ஒரு பாட்டுல சொந்த ஊர் பேரைச் சொல்லி வெச்சிருந்தார். அந்த ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ்ங்கிற இளைஞர் தேடி வந்துட்டார். எழுபது வயசுத் தாத்தா அப்பவும் அங்கேதான்!

1966-ல் வந்த ‘டுடே!’ ஆல்பத்தைக் கேளுங்க. ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்ளோதான். கட்டைவிரல் தாளம் போட, மத்த விரல்கள் மெட்டு பாடும். ரெண்டு பேர் வாசிக்கிறாங்களோன்னு டவுட்டே வரும். ப்ளூஸ்னாலே ஒப்பாரினு நினைக்கிறவங்களுக்கு இது ஆச்சர்யம். திண்ணையில உட்கார்ந்து கதை சொல்ற குரல் அது!

அதே வருஷம் இறந்துட்டார். மியூசியமா இருந்த அவர் வீடும் 2024 பிப்ரவரியில தீக்கு இரையாகிடுச்சு. மரங்களுக்கு நடுவுல கல்லறை இருக்கு.