ஒருவேளை

கிண்டி இரயில் நிலையத்துக்கு அருகில், சந்துக்குள் இருந்த எங்கள் பாட்டனார் வீட்டை அடுக்ககம் கட்டக் கொடுத்துவிட்டோம். ஆடி பிறக்கும் முன் காலி செய்தாக வேண்டும். பழைய சாமான் வாங்குபவர் வந்தார். கூடத்துச் சுவரில் தொங்கிய முதியவர் படத்தை இறக்கி, பின்புறம் தட்டிப் பார்த்துவிட்டு, "சட்டம் தேக்கு சார். முந்நூறு ரூபா தரலாம். படம் வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

வண்ணம் தீட்டிய புகைப்படம் அது. பாட்டனாரின் தாயார். உறவினர் எல்லோருக்கும் அவர் 'கிண்டி ஆயா'. அவர் பெயர் என்ன என்று எங்களில் இளையவள் கேட்டபோது எவருக்கும் விடை தெரியவில்லை.

அன்றிரவு நினைவுக்கு வந்தது வேறொரு முதியவரின் படம். 2000 டிசம்பரில் இலண்டன் கிறிஸ்டிஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்த ரெம்ப்ராண்ட் ஓவியம். 1632இல், இருபத்தாறு வயதில் அவர் வரைந்தது. வெள்ளைக் குல்லாய், மடிப்பு மடிப்பான கழுத்துப்பட்டை, கறுப்பு உடை. வயதை மறைக்காத முகம். ஓவியர் தம் பெயரை எழுதினார், ஆண்டை எழுதினார், அம்மையாரின் வயது 62 என்றும் எழுதினார். அவருடைய பெயரை மட்டும் எழுதவில்லை. ரெம்ப்ராண்ட் பின்னாளில் மணந்த சாஸ்கியாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரியும் சமய போதகர் ஒருவரின் மனைவியுமான ஆல்ட்யே ஆய்லன்பர்க்காக இருக்கலாம் என்றனர் அறிஞர். ஏலப் பட்டியலில் அப்பெயருக்கு முன் 'ஒருவேளை' என்றொரு சொல் நின்றது. படம் ஏறத்தாழ 1.98 கோடி பவுண்டுக்குப் போயிற்று. அதுவரை ரெம்ப்ராண்ட் ஓவியம் எதுவும் ஏலத்தில் அத்தனை விலை பெற்றதில்லை.

இன்று அப்படம் ஆல்ட்யேயின் பெயராலேயே வழங்குகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அது கொடையாக வரும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. விலை ஒரு முகத்தைக் காப்பாற்றிவிடும். பெயரை யாராவது தேடித்தான் ஆக வேண்டும்.

நிற்க. புறநானூற்றின் 243ஆம் பாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். இளமையை எண்ணி ஏங்கும் முதுமையின் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, பாட்டில் வரும் பூண் கட்டிய கைத்தடியே பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை பெயரை விழுங்கிவிட்டது என்று மாணவர்க்கு விளக்குவோம். எங்கள் வீட்டில் அதற்கு மூன்று தலைமுறையே போதுமானதாக இருந்திருக்கிறது.

செங்கல்பட்டிலுள்ள பெரியத்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். "ஆயாவ யாரு கண்ணு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?" என்று சிரித்தார். வெகுநேரம் யோசித்து ஒரு பெயர் சொன்னார். உடனே, "அது அவங்க தங்கச்சி பேரோ என்னமோ" என்றும் சொன்னார்.

சட்டத்தை விற்கவில்லை. படத்தின் பின்னட்டையில் அப்பெயரைப் பென்சிலால் எழுதினோம். முன்னால் 'ஒருவேளை' என்று சேர்த்தோம். அத்தைக்கு வயது 88. வரும் ஞாயிறன்று படத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே போகிறோம். முகத்தைப் பார்த்தால் நினைவு வரக்கூடும்.